இறைவனின் குரலைக் கேட்கப் பழகியவர்: புனித லொயோலா இஞ்ஞாசியார்



கடவுள் என்னோடு பேசினார் என்று ஒருவர் சொன்னால் நம்மில் சிலர் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். வேறு சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சந்தேகிக்கிறோம். இவ்விரண்டுக்கும் நடுவே சாதாரண விசுவாசியின் கவலை ஒன்று இருக்கிறது. மகளுக்கு வந்த வரனை முடிக்கலாமா என்று யோசிக்கும் தகப்பன், ஊரை விட்டு அயல்நாட்டு வேலைக்குப் போகலாமா என்று தயங்கும் வாலிபன், கன்னியர் மடத்தில் சேர ஆசைப்படும் பெண், இவர்கள் எல்லாரும் செபத்தில் கேட்பது ஒன்றே. இது இறைவனின் திருவுளமா, அல்லது என் சொந்த மனம் போடும் கணக்கா? இதைக் கண்டறிவது எப்படி?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த ஒருவரைத் திருச்சபை நமக்குக் காட்டுகிறது. அவர்தான் சேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார். முப்பது வயது வரை அவர் இறைவனின் குரலைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கேட்கத் தொடங்கிய பிறகும் பலமுறை பிசகாகவே கேட்டார். ஆயினும் பள்ளிப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் பொறுமையாகப் பழகினார். விழா ஆண்டைக் கொண்டாடும் நாம் அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

குண்டடிபட்ட கால்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், அஸ்பெய்த்தியா என்னும் ஊருக்கு அருகே லொயோலா மாளிகை இருக்கிறது. அங்கே 1491-ஆம் ஆண்டில் பிரபு குடும்பம் ஒன்றின் கடைசிப் பிள்ளையாக இஞ்ஞாசியார் பிறந்தார். வீட்டில் இட்ட பெயர் இனிகோ. தாய் சீக்கிரமே காலமாகிவிட, கொல்லர் ஒருவரின் மனைவி பாலூட்டி வளர்த்தாள். வாலிப வயதில் அரசரின் பொருளாளர் வீட்டில் தங்கி, அரண்மனைப் பழக்க வழக்கங்களைக் கற்றுக்கொண்டார். ஆடம்பர உடை, வாள்வீச்சு, சூதாட்டம், சீமாட்டிகளின் பாராட்டு, இவையே அன்று அவருக்கு வாழ்க்கை.

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள் பிரெஞ்சுப் படை பம்ப்லோனா கோட்டையைத் தாக்கியது. சரணடைவதே மேல் என்று மற்றவர்கள் கருதியபோது, இனிகோ போரிட வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தார். பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலது காலை நொறுக்கி, இடது காலையும் காயப்படுத்தியது. பகைவர்களே அவருக்கு வைத்தியம் பார்த்து, கட்டிலில் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு சரியாகக் கூடவில்லை என்று மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அழகிய காலணி அணிய அது தடையாகுமே என்று அதையும் அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. வீண் பெருமைக்காக அவ்வளவு வேதனையைத் தாங்கினார்.

படுக்கையில் பொழுது போக்க வீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை கிடைக்கவில்லை. கிடைத்தவை கிறிஸ்துநாதரின் சரித்திரமும் புனிதர்களின் சரித்திரமும்தான். வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணை மூடிக் கனவு கண்டார். ஒரு வேளை, உயர்குலச் சீமாட்டி ஒருத்திக்காகத் தான் செய்யப்போகும் வீரச் செயல்களை நினைத்து மணிக்கணக்கில் மகிழ்வார். இன்னொரு வேளை, புனித பிரான்சிஸ் அசிசியாரும் புனித சாமிநாதரும் செய்ததைத் தானும் செய்தால் என்ன என்று நினைத்து மகிழ்வார். நினைக்கும்போது இரண்டுமே இனித்தன.

இங்கேதான் அந்தப் போர்வீரருக்கு முதல் பாடம் கிடைத்தது. சீமாட்டியின் நினைவு கலைந்த பிறகு மனம் வறண்டு, சலித்துக் கிடந்தது. புனிதர்களின் நினைவு கலைந்த பிறகோ மனம் நிறைந்து, அமைதியாக இருந்தது. இந்த வேறுபாட்டை அவர் நெடுநாள் கவனிக்கவில்லை. ஒரு நாள் கண் திறந்ததுபோல் அது புலப்பட்டது. ஓர் எண்ணம் வரும்போது எப்படி இனிக்கிறது என்பதைவிட, அது போன பின் உள்ளத்தில் என்ன விட்டுச் செல்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டார். அவர் காதில் எந்த ஓசையும் விழவில்லை. தம் உள்ளத்தை உற்றுப் பார்த்தார். அங்கே இறைவன் பேசியிருப்பதைக் கண்டார்.

கோவேறு கழுதையின் தீர்ப்பு

1522-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டார். வழியில் இஸ்லாமியர் ஒருவர் அவரோடு பேசிக்கொண்டே வந்தார். அன்னை மரியாள் இயேசுவைப் பெற்ற பின்னும் கன்னியாக இருந்தார் என்பதைத் தன்னால் ஏற்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு அம்மனிதர் முன்னே போய்விட்டார். இஞ்ஞாசியாருக்குக் கோபம் பொங்கியது. தேவமாதாவின் மகிமையைக் காக்க அவரைக் குத்துவாளால் குத்த வேண்டுமோ என்று மனம் தத்தளித்தது. முடிவெடுக்கத் தெரியாமல், கவருபாதை வந்ததும் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது அந்த மனிதர் போன பாதையில் போனால் குத்துவது, வேறு பாதையில் போனால் விட்டுவிடுவது என்று தீர்மானம். கழுதை வேறு பாதையில் போயிற்று. ஓர் உயிர் பிழைத்தது.

பிற்காலத்தில் இந்த நிகழ்ச்சியை இஞ்ஞாசியாரே மறைக்காமல் சொன்னார். பக்தி ஆர்வம் இருந்தது, பகுத்தறியும் பக்குவம் இல்லை. கடவுள் பெயரால் எழும் கோபம் எல்லாம் கடவுளிடமிருந்து வருவதில்லை. சீட்டுப் போட்டுப் பார்ப்பதும், வேதாகமத்தைக் கண்மூடித் திறந்து முதலில் கண்ட வரியைத் தீர்ப்பாக எடுப்பதும் ஏறக்குறைய அந்தக் கடிவாளத்தைத் தளர்த்துவது போன்றவைதாம். இறைவன் இரக்கத்தால் காப்பாற்றலாம். ஆனால் அவர் நமக்குப் புத்தியைத் தந்தது அதைப் பயன்படுத்துவதற்காகவே.

மன்ரேசாவின் இருள்

மொன்செராத் மலையிலுள்ள தேவமாதா ஆலயத்தில் மூன்று நாள் எடுத்து, வாழ்நாள் முழுவதற்கும் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்திய இரவில் தம் உயர்ந்த உடைகளை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, சாக்குத் துணி அங்கி அணிந்து, வாளை மாதாவின் பீடத்தருகே விட்டு, விடியும்வரை கண்விழித்துச் செபித்தார். பிறகு மன்ரேசா என்னும் சிற்றூருக்குப் போனார். சில நாட்கள் தங்க நினைத்தவர் ஏறக்குறைய பதினொரு மாதம் அங்கேயே இருந்துவிட்டார்.

அங்கே நாள்தோறும் ஏழு மணி நேரம் செபித்தார். பிச்சையெடுத்து உண்டார். முடியையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார். முதலில் மனம் மகிழ்ச்சியாக இருந்தது. பின்பு சந்தேக நோய் பிடித்துக்கொண்டது. பழைய பாவங்களைச் சரியாகச் சொன்னோமா, ஏதாவது விட்டுவிட்டோமா என்ற கலக்கம். மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி இல்லை. அறையிலிருந்த ஒரு பள்ளத்தில் குதித்து உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்கூட வந்து வந்து தாக்கியது. கடவுள் விடுவிக்கும்வரை உண்ணமாட்டேன் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். பாவசங்கீர்த்தன குரு அதை நிறுத்தும்படி கட்டளையிட்டபோது கீழ்ப்படிந்து உண்டார்.

அன்பர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அவரை வதைத்த எண்ணம் பார்வைக்குப் பக்தியான எண்ணம். பாவத்தை வெறுக்கச் சொன்ன எண்ணம். ஆனால் அது அவரை எங்கே கொண்டு போயிற்று? இறைவனின் இரக்கத்தை நம்பாத இடத்திற்கும், சாவின் விளிம்புக்கும் கொண்டு போயிற்று. இதைக் கண்டுகொண்டதும், தூக்கத்திலிருந்து விழித்தவர்போல் ஆனார். மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களை இனி மறுபடி அறிக்கையிடுவதில்லை என்று உறுதி செய்தார். அன்றே விடுதலை பெற்றார். நம்மிடையேயும் இப்படி வதைபடும் நல்ல ஆன்மாக்கள் உண்டு. அவர்கள் தனியே போராடாமல் தங்கள் ஆன்ம குருவிடம் மனம் திறந்து பேச வேண்டும்.

இன்னும் இரண்டு காரியங்களை அங்கே கற்றார். பலமுறை பகலில், ஒளிவிடும் கண்கள்போல் எதுவோ நிறைந்த அழகிய பாம்பு வடிவம் ஒன்று அவருக்குத் தோன்றியது. பார்க்கும்போது இன்பம், மறையும்போது வருத்தம். அது அலகையின் மாயம் என்று சிலுவையின் முன் மண்டியிட்டபோது தெளிந்து, அதை விரட்டினார். மேலும், படுக்கைக்குப் போகும் நேரத்தில் பேரின்பமான ஞான சிந்தனைகள் வந்து தூக்கத்தைக் கெடுத்தன. செபத்துக்கென்று பகலில் அத்தனை மணி நேரம் கொடுத்திருக்கும்போது, தூங்க வேண்டிய நேரத்தைத் திருடும் இந்த இனிமை யாரிடமிருந்து வருகிறது என்று யோசித்தார். அதைத் தள்ளிவிட்டுத் தூங்கினார்.

ஒருநாள் கார்தொனேர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய அறிவு பேரொளி பெற்றது. காட்சி எதுவும் இல்லை. ஆனால் விசுவாச உண்மைகளும் உலகமும் புதிதாகப் புரிந்தன. வாழ்நாளில் பெற்ற அத்தனை வரங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும் அந்த ஒருநாள் வரத்துக்கு ஈடாகாது என்று முதுமையில் அவர் கருதினார். ஞானப் பயிற்சிகள் என்னும் நூலுக்கு மன்ரேசாவிலேயே வித்திடப்பட்டது. 1548-ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் பவுல் அந்நூலை அங்கீகரித்தார்.

திருச்சபையின் வாயால் வந்த குரல்

இஞ்ஞாசியாரின் ஒரே ஆசை, புனித நாட்டில் இருந்து ஆன்மாக்களுக்கு உதவி செய்து அங்கேயே இறப்பது. அது இறைவனின் திருவுளம் என்று உறுதியாக நம்பினார். 1523-ஆம் ஆண்டு செப்டம்பரில் யெருசலேம் சேர்ந்தார். ஆனால் புனித இடங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கன் சபையின் மாநிலத் தலைவர் அவரைத் திரும்பிப் போகச் சொன்னார். அப்படித் தங்கியவர்கள் சிறைபிடிக்கப்பட்டும் கொல்லப்பட்டும் போயிருந்தார்கள். பிடிபட்டவர்களைப் பணம் கொடுத்து மீட்கும் பாரம் அவர் சபையின் தலையில் விழுந்தது. இஞ்ஞாசியார் மறுத்தார். கீழ்ப்படியாதவர்களைத் திருச்சபைக்குப் புறம்பாக்கும் அதிகாரம் தமக்கு உண்டு என்று சொல்லித் தலைவர் அதற்கான பத்திரங்களைக் காட்ட முன்வந்தார். அவற்றைப் பார்க்கத் தேவையில்லை என்று சொல்லி இஞ்ஞாசியார் பணிந்தார். தாம் அங்கே தங்குவது இறைவனின் விருப்பம் இல்லை என்று தெரிந்துகொண்டார்.

பாருங்கள், தம் உள்ளத்தில் கேட்டது ஒன்று, திருச்சபையின் அதிகாரி சொன்னது வேறொன்று. அப்போது தம் உள்ளத்தை அவர் திருத்திக்கொண்டார். சிறுவன் சாமுவேல் இறைவன் அழைத்ததைக் குரு ஏலியின் குரல் என்று எண்ணி ஓடினான். அந்தக் குரலை அவனுக்கு அடையாளம் காட்ட அதே முதிய ஏலி தேவைப்பட்டார். தனியாக யாரும் இதைக் கற்பதில்லை.

பிள்ளைகளோடு பெஞ்சில்

இனி என்ன செய்வது? ஆன்மாக்களுக்கு உதவப் படிப்பு வேண்டும் என்று கண்டார். முப்பது வயதைத் தாண்டிய அந்தப் பிரபு மகன் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். ஆசிரியர் சம்பளம் வாங்காமல் கற்பித்தார். ஆனால் பாடத்தை மனப்பாடம் செய்ய உட்கார்ந்தால் போதும், உயர்ந்த ஞான உணர்வுகள் பொங்கிவரும். படிப்பு ஓடாது. செபத்திலும் திருப்பலியிலும் இல்லாத அளவு இப்போது ஏன் வருகிறது என்று ஆராய்ந்து, இதுவும் சோதனையே என்று கண்டார். ஆசிரியரைக் கோயிலுக்கு அழைத்துப்போய் உள்ளதைச் சொல்லி, இனிப் பாடத்தில் ஒருநாளும் தவறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். சோதனை அகன்றது.

சமையலை அடுப்பில் கருகவிட்டுச் செபமாலை சொல்லும் தாய்க்கும், பரீட்சைக்குப் படிக்காமல் திருத்தலங்களுக்கு நேர்ந்துகொள்ளும் மாணவனுக்கும் இதில் பாடம் இருக்கிறது. கடமையைப் பறிக்கும் பக்தியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அல்காலாவிலும் சலமான்காவிலும் அவர் போதிப்பதைக் கண்டு சந்தேகித்த விசாரணையாளர்கள் அவரைச் சிறையில் வைத்தார்கள். முதல் ஊரில் 42 நாள், இரண்டாவது ஊரில் 22 நாள். குற்றம் எதுவும் காணப்படவில்லை. 1528-ஆம் ஆண்டு பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரே அறையில் தங்கிய பீட்டர் பேபரும் பிரான்சிஸ் சவேரியாரும் அவருக்கு உயிர் நண்பர்கள் ஆனார்கள். 1534-ஆம் ஆண்டு மாதா பரலோகத்திற்கு எடுக்கப்பட்ட திருநாளில், மொன்மார்த்ரு குன்றில் ஏழு நண்பர்கள் வார்த்தைப்பாடு கொடுத்தார்கள். யெருசலேம் போவது, ஓராண்டு காத்தும் வழி திறக்காவிட்டால் திருத்தந்தையின் காலடியில் தங்களை ஒப்படைத்து, அவர் அனுப்பும் இடத்துக்குப் போவது. இஞ்ஞாசியார் இப்போது எப்படிப் பழகியிருக்கிறார் என்று கவனித்தீர்களா? தம் ஆசையைச் சொல்கிறார், அதோடு அதை விட்டுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறார்.

1537-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டு போர் காரணமாகப் புனித நாட்டுக்குக் கப்பல் ஓடவில்லை. அவர்கள் உரோமைக்குத் திரும்பினார்கள். முதல் திருப்பலிக்காக அவர் ஒன்றரை ஆண்டு காத்திருந்து, 1538-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவில் அதை நிறைவேற்றினார்.

நண்பனைப் பிரிந்தவர்

1539-ஆம் ஆண்டில் தாங்கள் ஒரு துறவற சபையாக இணைய வேண்டுமா என்று நண்பர்கள் ஆராய்ந்தார்கள். பகலில் வேலையும் தனிச் செபமும், இரவில் கூடிப் பேசுதல். ஒருநாள் எல்லாரும் வேண்டாம் என்பதற்கான காரணங்களை மட்டும் சொன்னார்கள். மறுநாள் எல்லாரும் வேண்டும் என்பதற்கான காரணங்களை மட்டும் சொன்னார்கள். யாரும் தம் கட்சியைப் பிடித்து வாதாட இடமில்லை. பல வாரங்கள் கழித்து ஒருமனப்பட்டார்கள். 1540-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் திருத்தந்தை மூன்றாம் பவுல் சேசு சபையை அங்கீகரித்தார். பங்குப் பேரவையிலும் குடும்பத்திலும் நாம் இம்முறையைக் கையாண்டால் எத்தனை சண்டைகள் குறையும்!

போர்த்துக்கல் அரசர் இந்தியாவுக்குக் குருக்களைக் கேட்டிருந்தார்; அதே ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்கள் புறப்பட வேண்டியிருந்தது. போக வேண்டியவர்களுள் ஒருவரான பொபதில்யா காய்ச்சலில் விழுந்தார். தூதுவர் புறப்படும் நேரம் நெருங்கிவிட்டது. நோயுற்றிருந்த இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்துச் செய்தியைச் சொன்னார். சவேரியார் உடனே சம்மதித்து, கிழிந்த உடைகளைத் தைத்துக்கொண்டு கிளம்பினார். காட்சி இல்லை, அசரீரி இல்லை. ஒரு காய்ச்சல், ஓர் அவசரம், ஒரு கீழ்ப்படிதல். அந்த வழியாகத்தான் 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறையில், ஞானஸ்நானம் பெற்றும் போதிப்பார் இன்றித் தவித்த பரதவ மக்களிடம் சவேரியார் வந்து சேர்ந்தார்.

இரு நண்பர்களும் பிறகு இவ்வுலகில் சந்திக்கவே இல்லை. 1553-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இஞ்ஞாசியார் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி கடிதம் எழுதினார். ஆனால் சவேரியார் 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாளே சீனக் கரையருகே ஒரு தீவில் இறந்துபோயிருந்தார். இறைவனின் குரலைக் கேட்கப் பழகியவருக்கும் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை. அவரவர் அன்றன்று செய்ய வேண்டியதற்கு மட்டுமே ஒளி கிடைக்கிறது.

சபைத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது மறுத்தார். மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். அப்போதும் தம் மனத்தை நம்பாமல் பிரான்சிஸ்கன் குரு ஒருவரிடம் மூன்று நாள் தங்கிப் பாவசங்கீர்த்தனம் செய்து தீர்ப்புக் கேட்டார். மறுப்பது தூய ஆவியை எதிர்ப்பதாகும் என்று அக்குரு சொல்லவே, 1541-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஏற்றுக்கொண்டார். 1556-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அதிகாலை உரோமையில் உயிர் நீத்தார். முந்திய மாலையில் திருத்தந்தையின் ஆசீர் வாங்கிவரச் செயலரிடம் கேட்டார். கடிதங்களை முடித்துவிட்டு மறுநாள் போகலாமா என்று செயலர் கேட்க, அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டார். ஆசீர் வருமுன் போய்ச் சேர்ந்தார். தம் கடைசி விருப்பத்தைக்கூட வற்புறுத்தாத மனம் அது. 1622-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் சவேரியாரோடு சேர்த்தே அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. பூமியில் பிரிந்தவர்கள் பீடத்தில் ஒன்றானார்கள்.

நாம் செய்யத்தக்கது

அவர் விட்டுப்போன வழிகள் எளிய குடும்பங்களுக்கும் எட்டக்கூடியவை. மனம் வறண்டு சோர்ந்திருக்கும் நாளில், தெளிந்த நாளில் எடுத்த நல்ல முடிவை மாற்றாதீர்கள். பெரிய காரியம் ஒன்றில் குழம்பினால், முன்பின் தெரியாத ஒருவர் அதே நிலையில் வந்து கேட்டால் என்ன புத்தி சொல்வீர்களோ, அதையே நீங்கள் செய்யுங்கள். மரணப் படுக்கையில் எந்த முடிவை எடுத்திருக்கலாம் என்று எண்ணுவீர்களோ, அதை இன்றே எடுங்கள். நல்வழியில் நடக்கும் ஆன்மாவில் நல்ல ஆவியின் தூண்டுதல் பஞ்சில் நீர்த்துளி இறங்குவதுபோல் மெல்ல இறங்கும். தீய ஆவியினுடையது பாறையில் விழும் நீர்போல் சிதறி ஓசையிடும். இதை ஒவ்வோர் இரவும் ஆன்ம சோதனையில் பாருங்கள். கால் மணி நேரம் போதும். இன்று இறைவன் தந்த நன்மைகளுக்கு நன்றி சொல்லி, எந்த எண்ணம் அமைதியைத் தந்தது, எது கசப்பை விட்டுச் சென்றது என்று நினைத்துப் பார்த்து, தவறியதற்கு மன்னிப்புக் கேட்டு, நாளைக்கு வரம் கேளுங்கள்.

இந்த ஆண்டு நம் கோயிலுக்கு வர்ணம் பூசினோம், விளக்குகள் ஏற்றினோம், பந்தல் போட்டோம். இவை எல்லாம் நல்லவை. விழா முடிந்து பந்தல் பிரித்த பிறகும், நம் வீடுகளில் இரவு விளக்கணைக்குமுன் அந்தக் கால் மணி நேர மௌனம் நிலைத்திருந்தால், நம் விழா ஆண்டு பலன் கொடுத்தது என்று சொல்லலாம்.

புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

கிறிஸ்துவில் உங்கள் அன்புள்ள,
பங்குக் குரு